கட்டைவிரலுக்குக் கீழே ஒரு வாக்கியம்

“ங-வுல ஒண்ணுமே இல்ல டீச்சர்” என்று முன்பெஞ்சில் ஒரு பையன் எழுந்து சொன்னான், யார் வீட்டுக்கோ போய்க் கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு ஆளில்லாமல் திரும்பி வந்தவனைப்போல. வகுப்பு சிரித்தது. கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்த பூதலிங்கமும் சிரித்தார். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் உயரத்துக்குச் செய்த பெஞ்சு அது, அவருடைய முழங்கால்கள் மோவாயைத் தொடாத குறைதான். அகராதியில் ங-வுக்கு ஒரு பக்கம் கொடுப்பதா விடுவதா என்று அலுவலகத்தில் எத்தனை பேச்சு. தலைமைப் பதிப்பாசிரியர் மாசிலாமணி அய்யாதான் கடைசியில், பக்கத்தைச் சும்மா விடுங்க, பிள்ளைங்க அதுல ஏதாவது வரைஞ்சுக்கிடும் என்றார். முன்னால் இருந்த பையனின் புத்தகத்தை எட்டிப் பார்த்தால் அப்படித்தான், ங-வில் ஒரு பஸ் நின்றது, பஸ்ஸுக்குள் ஆட்கள், ஆட்களுக்குப் பெரிய பெரிய கைகள். பாளையங்கோட்டையில் ஒரு மாடிமேல் இருக்கிறது அவருடைய அலுவலகம். சிறுவர்களுக்கான அகராதியைத் தவிர வேறெதையும் அவர்கள் போடுவதில்லை. புதிய பதிப்பு வந்ததும் யாராவது ஒருவர் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய் உட்கார்ந்து, பிள்ளைகள் எப்படிப் புரட்டுகிறார்கள், எங்கே திணறுகிறார்கள் என்று பார்த்துவர வேண்டும். இந்தப் பள்ளிக்கூடத்துக்கு நானே போகிறேன் என்று பூதலிங்கம் கேட்டு வாங்கிக்கொண்டார். இந்த வகுப்பில்தான் அவர் மகள் குழலி படிக்கிறாள். ஜன்னலோர வரிசை, மூன்றாவது பெஞ்சு. இங்கிருந்து பார்த்தால் அவளுடைய பின்கழுத்தும் இரட்டைப் பின்னலும் தெரிந்தன. இடது பின்னல் தளர்ந்து காதுக்குக் கீழே தொங்கியது. காலையில் அவர் போட்டுவிட்டது. வலதுபக்கம் எப்போதும் சரியாக வந்துவிடும், இடதுபக்கம்தான் வருவதில்லை, ஏனென்று இன்னும் பிடிபடவில்லை.

சாயங்காலம் லோகா மதினி வந்துவிடுவார். தூத்துக்குடியிலிருந்து மத்தியானமே கிளம்பியிருப்பார், பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து மடியில் பையை வைத்துக்கொண்டு, பைக்குள் குழலிக்கு முந்திரி மக்ரூன், பூதலிங்கத்துக்குக் கருவாடு. அவர் மனைவி ஆவுடையின் அக்கா. ஆவுடை காய்ச்சலில் போன பிறகு மாதம் ஒருமுறை வந்து வீட்டைக் கழுவிவிட்டு, அடுப்படி டப்பாக்களைத் துடைத்து அடுக்கிவிட்டு, போகும்போது வாசலில் நின்று அழுதுவிட்டுப் போகிறவர். பொங்கலுக்கு வந்தபோது சொன்னார். தம்பி, உங்களை நான் குறையே சொல்லமாட்டேன். சோறு பொங்குதீங்க, துணி துவைக்கீங்க, சடை பின்னிவிடுதீங்க, எந்த ஆம்பளை செய்வான். ஆனா பிள்ளை வாயத் திறக்க மாட்டேங்குதாளே. கேட்டா ஆங்குதா, இல்லைங்குதா, அம்புட்டுதான். ஆவுடை பெத்தது இப்பிடி உக்காந்திருந்தா எனக்கு நெஞ்சு தாங்கல. எங்க வீட்டுல ரெண்டு கழுதைங்க வாய்மூடாமக் கத்துதுங்க, அதுகளோட கிடந்தா தானா பேச்சு வந்துரும். ஒரு வருசம் எங்கிட்ட விடுங்க. பூதலிங்கம், குழலியிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றார். பொங்கல் போய், மாசி போய், பங்குனி வெயிலும் வந்துவிட்டது, அவர் கேட்கவில்லை. அங்கே பள்ளிக்கூடத்தில் இடத்துக்குச் சொல்லி வைத்திருப்பதாக மதினி போனில் சொன்னார். இன்னைக்கு வாரேன், பதிலைச் சொல்லிருங்க தம்பி. கேட்பதில் என்ன இருக்கிறது, பெரியம்மா வீட்டுக்குப் போறியா என்று கேட்க வேண்டும், அவ்வளவுதான். ஆங் என்று அவள் சொல்லிவிட்டால் என்கிற பயம் ஒரு பக்கம். அதைவிட, ஒன்றும் சொல்லாமல் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாளானால், அதற்கு என்ன அர்த்தம் என்று அவரே முடிவுசெய்ய வேண்டிவருமே, அந்தப் பயம் இன்னொரு பக்கம். ஊரிலுள்ள சொற்களுக்கெல்லாம் அர்த்தம் எழுதிச் சம்பளம் வாங்குகிற மனுசன்.

எஸ்தர் டீச்சர் கரும்பலகையில் சலிப்பு என்று எழுதினார்கள். கண்டுபிடிங்க பார்ப்போம். பக்கங்கள் சரசரவென்று புரண்டன, மழை வருகிற சத்தம் போல. ச எங்கே, க-வுக்கு அப்புறம், ங-வைத் தாண்டி, ஏல, பஸ்ஸைத் தாண்டிப் போ. பிள்ளைகள் விரலை வைத்துக்கொண்டு உதட்டை அசைத்து அசைத்து இறங்கினார்கள், சக்கரம், சங்கு, சட்டை, சந்தை, சமையல். ஒரு சொல்லைத் தேடிப் போகிறபோது வழியில் ஏழெட்டுச் சொல் கண்ணில் படும், தேடிப் போனதைவிட வழியில் பார்த்ததுதான் பிள்ளைகளுக்கு ஒட்டிக்கொள்ளும் என்று மாசிலாமணி அய்யா சொல்வார். கடைக்கு உப்பு வாங்கப் போன பிள்ளை ஊர்ச் செய்தியெல்லாம் கொண்டுவருவதைப்போல. கிடைச்சிட்டு டீச்சர், செய்ததையே திரும்பத் திரும்பச் செய்யும்போது மனத்துக்குப் பிடிக்காமல் போவது என்று ஒரு பிள்ளை படித்தது. எஸ்தர் டீச்சர் இடைவேளையில் அவரிடம் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார்கள், சார், உங்க புக்கு வந்தப்புறம் என் வகுப்புல வயித்துவலி குறைஞ்சிருக்கு. அவருக்குப் புரியவில்லை. முன்னெல்லாம் எந்தப் பிள்ளைக்கு என்ன ஆனாலும் வயித்துவலின்னுதான் எழும்பி வரும் சார், பயம்னாலும் வயித்துவலி, வீட்டு ஞாபகம்னாலும் வயித்துவலி, பக்கத்துப் பிள்ளை பேசலைன்னாலும் வயித்துவலி. அதுகளுக்கு வேற சொல்லத் தெரியாது. இப்பப் பாருங்க, இந்த அந்தோணி நேத்து வந்து, டீச்சர் எனக்கு சலிப்பா இருக்குங்கான். வாய்ப்பாடு நடத்திட்டிருந்தேன். எனக்குக் கோவமே வரல. பூதலிங்கமும் சிரித்தார், ஆனால் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. குழலிக்கு ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை வயிறு வலிக்கிறது. டாக்டர் அழுத்திப் பார்த்து, நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்து, ஒண்ணும் இல்லையே என்றார். ஒன்றுமில்லை என்றால் அது என்ன. வலிக்கிற பிள்ளைக்குத் தெரியாத சொல்லை மருந்துக்கடையிலா வாங்க முடியும். குழலிக்கோ சொல்லுக்குப் பஞ்சமில்லை, அகராதிக்காரன் வீட்டில் பிறந்தவள், சலிப்பும் ஏக்கமும் தவிப்பும் இந்த வகுப்பில் யாருக்கும் முன்னால் அவளுக்குத் தெரியும். தெரிந்தும் வயிற்றுவலி என்றுதான் சொன்னாள்.

தெரியும், ஏனென்றால் கட்டைவிரல் விளையாட்டு அவள் பேசத் தொடங்கின நாளிலிருந்து வீட்டில் நடந்தது. அலுவலகத்து வழக்கம் அது. ஒரு சொல்லுக்குப் பொருள் எழுதினால் அந்தச் சொல்லின்மேல் கட்டைவிரலை வைத்து மறைத்துக்கொண்டு, பொருளை மட்டும் எதிரில் இருப்பவருக்குப் படிக்க வேண்டும். கேட்டவர் சொல்லைச் சொல்லிவிட்டால் எழுதினது சரி, சொல்லாவிட்டால் கிழித்துப் போட்டு மறுபடி எழுது. அவர் அதை வீட்டுக்கும் கொண்டுவந்தார். சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து, விரலை வைத்துக்கொண்டு, குழலி இதைச் சொல்லு பார்ப்போம், கோபம் வரவேண்டிய இடத்திலும் கோபப்படாமல் இருப்பது. குழலி யோசிப்பதற்குள் அடுப்படியிலிருந்து ஆவுடை குரல் கொடுப்பாள், அது நாந்தான், எம்பேரையே போட்டுக்கிடுங்க. பொறுமைம்மா, பொறுமை என்று குழலி கத்துவாள். உன் அப்பாவக் கட்டிக்கிட்டு இருக்கதுக்கு அது மட்டும் போதுமாட்டி என்பாள் ஆவுடை. அந்தச் சத்தம். தாளிக்கிற சத்தமும் அவள் பேச்சும் ஒன்றாக வரும், எது எது என்று பிரிக்க முடியாது. எங்கே போயிற்று அது. வீட்டில் இப்போதும் கடுகு வெடிக்கிறது, அவர்தான் தாளிக்கிறார். ஆவுடை போன பிறகு அப்பாவும் மகளும் ஒருவரோடு ஒருவர் எப்படிப் பேசுவது என்று தெரியாமல் கிடந்தார்கள். இரண்டு பேருடைய பேச்சும் அவள் வழியாகத்தான் போய்வந்திருக்கிறது என்பது அப்போதுதான் தெரிந்தது. அம்மா, அப்பாகிட்டச் சொல்லு. ஆவுடை, பிள்ளைகிட்டக் கேளு. நடுவில் இருந்தவள் போனதும் அவர் அகராதியைக் கொண்டுவந்து நடுவில் வைத்தார். பொருள் எழுதுவதோடு வேலை முடிவதில்லை, ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு வாக்கியம் வேண்டும், அந்த வாக்கியம் பெரியவர்கள் உட்கார்ந்து இட்டுக்கட்டினதாக இருக்கக்கூடாது, ஏதாவது ஒரு பிள்ளை வாயிலிருந்து வந்ததாக இருக்க வேண்டும் என்பது அய்யா வைத்த சட்டம். எனவே அவர் கேட்டார், குழலி, இந்தச் சொல்லை வைத்து ஒன்று சொல்லு. அவள் சொன்னாள். சட்டைப்பையிலிருந்து சீட்டை எடுத்து எழுதிக்கொண்டார். அவள் சொல்லச் சொல்ல எழுதினார். நல்லாயிருக்கே, இன்னொண்ணு சொல்லு. அப்போதெல்லாம் பேசினாளே.

பேசினாள். அம்மா போன மறுமாதம்கூடப் பேசினாள். இதை அவர் எப்படி மறந்தார். மதினி சொல்வதைக் கேட்டுக் கேட்டு, அம்மா போன அன்றைக்கே பிள்ளையின் வாய் அடைத்துவிட்டது என்று அவரும் நினைத்துக்கொண்டார். இல்லை. அந்த மழைக்காலம் முழுக்க அவள் பேசினாள், அம்மா கனவில் வந்தாள், அம்மா செருப்பு எனக்குக் கொஞ்சம்தான் பெரிசு, அம்மா உங்களைப் பூதம்னு எங்கிட்டச் சொல்வா தெரியுமாப்பா. அப்புறம் எப்போது நின்றது. அடுத்த தீபாவளிக்கு முன்னாலா, அரைப்பரீட்சைக்கா. ஒரு நாளில் நிற்கிற காரியமா இது, குழாயில் தண்ணீர் நிற்கிற மாதிரி மெலிந்து மெலிந்துதானே நிற்கும், எந்தச் சொட்டு கடைசிச் சொட்டு என்று யார் பார்த்துக்கொண்டிருப்பார்கள். தீபாவளிக்குப் புதிய பதிப்பின் முதல் பிரதி வந்தது, மை வாசனையோடு அன்றைக்கே வீட்டுக்குக் கொண்டுபோய் அவளுக்குக் காட்டினார், அப்போது நன்றாகத்தான் இருந்தாள். எல்லாரும் படிப்பாங்களாப்பா என்றுகூடக் கேட்டாள். பின்னே, தமிழ்நாட்டுல உள்ள பிள்ளைங்க எல்லாரும் படிக்கும் என்று அவர் சொன்னார். அவள் கண் பெரிதாயிற்று. எவ்வளவு சந்தோஷம் பிள்ளைக்கு என்று அன்றைக்கு அவருக்குத் தூக்கமே வரவில்லை.

“இனி ம-வுக்குப் போவோம். மி. ஜன்னல் பக்கத்திலிருந்து வரிசையா ஆளுக்கு ஒரு சொல்லு. பொருளைப் படிங்க, வாக்கியத்தைப் படிங்க, அப்புறம் நீங்களா ஒரு வாக்கியம் சொல்லுங்க” என்றார்கள் எஸ்தர் டீச்சர். முதல் பெஞ்சுப் பெண் மிகுதி படித்தாள். பூதலிங்கம் வெளியே பார்த்தார். வேப்பமரம் பூத்திருந்தது, பூ காற்றில் ஜன்னல் கம்பி வழியாக உள்ளே விழுந்து குழலியின் பெஞ்சிலும் கிடந்தது, அவள் அதைத் தட்டிவிடவில்லை. மத்தியானம் சாப்பிட்ட டப்பாக்களின் வாசனை, தயிர்ச்சோறு, முட்டை, யாரோ எலுமிச்சை ஊறுகாய். குழலி இன்றைக்குப் புளிச்சோற்றைச் சாப்பிட்டாளோ என்னவோ, புளி தூக்கலாகப் போய்விட்டது, சொல்லவா போகிறாள். தூத்துக்குடியில் மதினி கையால் சாப்பிட்டால் உடம்பு தேறும். அக்காமார் இரண்டு பேர், சண்டை போட, சடை பின்னிவிட. இடதுபக்கமும் சரியாக வரும். வீட்டில் அவர் மட்டும் இருப்பார். ஒரு ஆள் சோறு எவ்வளவு வைப்பது. மாலை வீட்டுக்குப் போனதும் கதவைத் திறந்தால் காலையில் எது எங்கே கிடந்ததோ அது அங்கேயே கிடக்கும். இது எனக்காக நினைக்கிறதா பிள்ளைக்காக நினைக்கிறதா. எனக்காகத்தான். அப்படியானால் அனுப்பிவிட வேண்டியதுதான். “குழலி, உனக்கு மிச்சம்” என்றார்கள் டீச்சர். குழலி எழுந்தாள். மிச்சம், எடுத்ததுபோக, செலவானதுபோக, இன்னும் இருப்பது. குரல் தெளிவாக இருந்தது, அவருக்கு அதைக் கேட்க நன்றாக இருந்தது, எத்தனை நாளாயிற்று இவ்வளவு நீளமாக அவள் பேசிக் கேட்டு. அப்புறம் நிறுத்திவிட்டாள். வாக்கியத்தையும் படிம்மா. அவள் படிக்கவில்லை. படிடா கண்ணு. “தெரியல டீச்சர்.” ஏன், அச்சு சரியில்லையா, என்று டீச்சர் அவள் பக்கம் நடந்தார்கள், அச்சு என்றதும் பூதலிங்கத்துக்குத் திக்கென்றது, மை சரியாகப் பதியாத பக்கமாக இருக்குமோ, பெஞ்சிலிருந்து பாதி எழுந்து கழுத்தை நீட்டினார். பக்கம் நன்றாகத்தான் இருந்தது. குழலியின் கட்டைவிரல் அதன்மேல் இருந்தது. ஒரு வரியை முழுக்க மறைத்துக்கொண்டு, நகம் வெளுக்கிற அளவுக்கு அழுத்திக்கொண்டு இருந்தது.

என்ன வாக்கியம் அது. அவருக்குத் தெரியும், எல்லா வாக்கியமும் தெரியும், ஆனால் அந்த நேரத்துக்கு வரவில்லை. டீச்சர் சரி விடு, பார்கவி நீ படி என்றார்கள், பக்கத்துப் பெண் எழுந்து தன் புத்தகத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ராகம் போட்டுப் படித்தாள், அம்மாவின் பவுடர் டப்பாவில் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. “எங்க அம்மா பவுடர எங்க அண்ணன் கொட்டிக் கொட்டிக் காலியாக்கிட்டான் டீச்சர், கல்யாண வீட்டுக்குக் கிளம்பினா பேய் மாதிரி இருப்பான்” என்று அந்தோணி சத்தம் கொடுத்தான். வகுப்பு கொல்லென்று சிரித்தது. எங்க வீட்டுல அப்பா. எங்க வீட்டுல ஆச்சிகூடப் போடும் டீச்சர். அம்மாவின் பவுடர், அம்மாவின் பவுடர் என்று யாரோ இரண்டு பேர் ராகத்தையே பிடித்துக்கொண்டார்கள். குழலி உட்கார்ந்துவிட்டாள். விரலை எடுக்கவில்லை. அடுத்த பெண் மிட்டாய் படிக்கத் தொடங்கினாள், பார்கவியின் குரல்தான் பூதலிங்கத்தின் காதில் நின்றது. மழை பெய்த ஒரு சாயங்காலம். மிச்சம்னு வச்சு ஒண்ணு சொல்லு குழலி. அவள் எழுந்து போய் அலமாரியைத் திறந்து, கண்ணாடிக்குப் பின்னால் கையை விட்டு எதையோ ஆட்டிப் பார்த்துவிட்டு வந்தாள், காதுக்குப் பக்கத்தில் வைத்து ஆட்டிப் பார்த்துவிட்டு வந்து, அவர் மடியில் சாய்ந்துகொண்டு, மெல்ல, அம்மா பவுடர் டப்பால இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்குப்பா என்றாள். அதற்கு அவர் என்ன செய்தார். சட்டைப்பையில் கையை விட்டார். அவள் தலை நெஞ்சில் இருந்ததால் பேனாவை எடுக்க இடைஞ்சலாக இருந்தது, கொஞ்சம் தள்ளும்மா என்றார். எழுதினார். நல்லாயிருக்கே, இன்னொண்ணு சொல்லு என்றார்.

அவள் யாரிடமும் சொல்லாததை அவரிடம் சொல்லியிருக்கிறாள். அவர் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் எல்லாருக்கும் சொல்லிவிட்டார். கண் பெரிதானது சந்தோஷத்தில் இல்லை. எல்லாரும் படிப்பாங்களாப்பா என்று கேட்டாள், அவர் மார்தட்டி ஆமா என்றார், அவள் புத்தகத்தை மூடிக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனாள், அந்த எழுந்து போனதை மட்டும் எப்படிப் பார்க்காமல் விட்டார். அதற்கப்புறம் அவரிடம் பேசுவது என்றால் என்ன அவளுக்கு. எதைச் சொன்னாலும் ஒரு நாள் அது அச்சாகி, பார்கவி ராகம் போட்டுப் படித்து, அந்தோணி அதற்கு ஒரு பதில் சொல்வான். ஆங், இல்லை. இந்த இரண்டையும் மட்டும் யாரும் அச்சுப் போட முடியாது. வயிற்றுவலி என்றால் அதை எழுதிக்கொள்ள மாட்டார்கள், டாக்டரிடம் கூட்டிப் போவார்கள். எட்டு வயதுப் பிள்ளை, தன் அம்மாவைக் காப்பாற்றி வைத்துக்கொள்ள வாயை மூடிக்கொண்டாள், அவர் விரலை வைக்கச் சொல்லிக்கொடுத்த அதே விதத்தில். அவருக்கு அழுகை வரும்போல் இருந்தது, மூன்றாம் வகுப்பின் கடைசிப் பெஞ்சில் ஒரு பெரிய ஆள் அழுதால் பிள்ளைகள் பயந்துவிடும், வெளியே வேப்பம்பூவைப் பார்த்தார், பூ பாட்டுக்கு விழுந்துகொண்டிருந்தது. எல்லாப் பிரதியும் கடைகளுக்குப் போய்விட்டது. ஒரு சொல்லைத் திருத்தலாம், ஒட்டுத்தாள் ஒட்டலாம், படித்தவர்கள் படித்ததை என்ன செய்வது. மதினி இப்போது வல்லநாட்டைத் தாண்டியிருப்பார்.

“இப்ப சார் நம்மகூடப் பேசுவாங்க” என்றார்கள் எஸ்தர் டீச்சர். அவர் எழுந்தார், பெஞ்சில் முழங்கால் இடித்தது, முன்னால் ஒருவன் சிரித்தான். “சார், இந்த வாக்கியமெல்லாம் யார் எழுதுறாங்கன்னு பிள்ளைங்க கேட்டுக்கிட்டே இருக்காங்க. கொஞ்சம் சொல்லுங்களேன்.” இந்தக் கேள்விக்கு அவரிடம் எப்போதும் ஒரு பதில் இருக்கும், எல்லாப் பள்ளிக்கூடத்திலும் சொல்கிற பதில், நாங்கள் எழுதுவதில்லை, உங்களைப் போன்ற பிள்ளைகள் பேசினதைத்தான் போடுகிறோம், அதில் பாதி என் மகள் சொன்னது. போன மாதம் மேலப்பாளையத்தில்கூட அப்படித்தான் சொன்னார், கை தட்டினார்கள். கரும்பலகைப் பக்கம் போய் நின்றபோது குழலியின் முகம் தெரிந்தது. அவரைப் பார்க்கவில்லை. புத்தகத்தையே பார்த்துக்கொண்டு, தோள் இரண்டையும் குறுக்கிக்கொண்டு, அடி விழப்போகிறது என்று தெரிந்தவர்கள் உட்காருவதுபோல் உட்கார்ந்திருந்தாள். அவர் பிள்ளைகளின் பக்கம் திரும்பினார். “நாங்கதான் எழுதுறோம். எங்க ஆபீஸ்ல ஒரு பெரிய மேஜை இருக்கு. அதைச் சுத்தி உக்காந்து யோசிச்சு யோசிச்சு எழுதுவோம்.” அந்தோணி கையைத் தூக்கிவிட்டான். “சார், மிச்சத்துக்கு யோசிச்சது யாரு சார்?” “நான்தான்.” “யாரு பவுடர் சார் அது?” “எங்க அம்மா பவுடர்.” இரண்டு மூன்று பேர் சிரிக்கத் தொடங்கினார்கள். “உங்க அம்மா பவுடர் போடுவாங்களா சார்?” “போடுவாங்க. கண்ணாடி பார்க்காமப் போடுவாங்க. கழுத்துல ஒரு திட்டு, காதுல ஒரு திட்டு, சுவருக்கு வெள்ளையடிச்சு பாதியில விட்ட மாதிரி.” வகுப்பு சிரித்தது, டீச்சரும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அவருடைய அம்மா வாழ்நாளில் பவுடர் டப்பாவைத் தொட்டதில்லை, மஞ்சளோடு சரி. போய்ச் சேர்ந்தவள், பொறுத்துக்கொள்வாள். “சார், அது இன்னும் மிச்சம் இருக்கா சார்?” “அதெல்லாம் எப்பவோ தீர்ந்துட்டுதுல்லா. எழுதின மறுநாளே நான் எடுத்துப் போட்டுத் தீத்துட்டேன்.” சிரிப்பு ஜன்னல் வழியாக வெளியே போயிற்று. அந்த வாக்கியத்தைப் பிள்ளைகள் எல்லாரும் அவர் தலையில் வைத்துக் கும்மியடித்தார்கள், அடிக்கட்டும். அவர் மெல்லக் குழலியின் பக்கம் பார்த்தார். அவள் நிமிர்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிக்கவில்லை. பொய் சொல்கிறவரை முதல் தடவையாகப் பார்ப்பதுபோல் வாய் லேசாகத் திறந்திருந்தது. கட்டைவிரல் பக்கத்தின்மேல் இல்லை.

பள்ளிக்கூடம் விட்டது. அவர் அவளுடைய பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டார், இரண்டு பேரும் வெயில் தாழ்ந்த ரோட்டில் சுவரோர நிழலில் நடந்தார்கள். ஐஸ் வண்டிக்காரன் மணி அடித்தான். கேட்கவேண்டியது நெஞ்சில் நின்றது, பெரியம்மா வீட்டுக்குப் போறியா, ஆனால் அதற்கு முன்னால் சொல்லவேண்டியது ஒன்று இருந்தது, அதை எந்தச் சொல்லில் தொடங்குவது என்று அவருக்குத் தெரியவில்லை. சொற்கள் எல்லாம் வரிசையாக நின்றன, அ-விலிருந்து, ஒன்றுகூட முன்னால் வரவில்லை. மாதா கோவில் முக்கு திரும்பும்போது குழலிதான் பேசினாள்.

“ஆச்சி பவுடரே போடாதுல்லா.”

“போடாது” என்றார்.

“பின்ன ஏன் அப்படிச் சொன்னீங்க?”

“அந்த வாக்கியத்த உன்னைக் கேக்காமப் புக்குல போட்டுட்டேன்லா. நீ எங்கிட்ட மட்டும் சொன்னது அது. எனக்குப் புரியல குழலி. இன்னைக்குத்தான் புரிஞ்சுது.”

அவள் கொஞ்ச தூரம் ஒரு கல்லை உதைத்துக்கொண்டே வந்தாள், கல் சாக்கடையில் விழுந்ததும் நின்றாள்.

“இனி நான் சொல்றதப் புக்குல போடுவீங்களாப்பா?”

“மாட்டேன்.”

“எஸ்தர் டீச்சர்கிட்டச் சொல்வீங்களா?”

“சொல்லமாட்டேன்.”

“மாசிலாமணி தாத்தா கேட்டா?”

“மேஜையைச் சுத்தி உக்காந்து யோசிக்கச் சொல்லுதேன்.”

அவள் சிரித்தாள். முன்பல் இரண்டு பாதி முளைத்திருந்தது, இவ்வளவு வளர்ந்துவிட்டதா என்று நினைத்தார். அப்புறம் அவள் அவருடைய சட்டைக் கையைப் பிடித்துக் கீழே இழுத்தாள், அவர் குனிந்தார், காதுக்குப் பக்கத்தில் வாயை வைத்து ஒன்று சொன்னாள். ஆவுடையைப் பற்றித்தான். அது முடிந்ததும் இன்னொன்று. நிமிர்ந்து நடந்தபிறகும் நிறுத்தவில்லை, முதலில் ரகசியக் குரலில், கொஞ்சம் போனதும் சாதாரணக் குரலில், ரோட்டைக் கடக்கும்போது லாரிச் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தி. அவர் ஆங் என்றார். அப்படியா என்றார். இரண்டே சொல் போதுமாக இருந்தது அவருக்கு. வழக்கம்போல் சீட்டைத் தேடிச் சட்டைப்பைக்குள் போன கை வெறுமனே வெளியே வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டது. அவள் சொன்னதெல்லாம் அவரோடு இருக்கட்டும்.

தெரு முனையிலேயே லோகா மதினி வாசலில் நிற்பது தெரிந்தது. கையில் பை, இடுப்பில் சொருகின சேலை, வந்த கையோடு வாசலுக்குத் தண்ணீர் தெளித்திருந்தார். பிள்ளை பேசிக்கொண்டே வருவதைப் பார்த்ததும் நெற்றிக்கு மேலே கையை வைத்துக்கொண்டு உற்றுப் பார்த்தார், வேறு யாருடைய பிள்ளையோ என்பதுபோல. குழலி, பெரியம்மா என்று ஒரு சத்தம் கொடுத்துவிட்டு, அதோடு அவரிடம் விட்ட இடத்திலிருந்து மறுபடி தொடர்ந்தாள்.

“என்னட்டி இவ்வளவு பேச்சு? எங்கிட்டயும் சொல்லேன்” என்றார் மதினி.

“அது அப்பாகிட்டச் சொல்றது பெரியம்மா” என்று சொல்லிவிட்டு குழலி மதினியின் பையைப் பிரித்து மக்ரூன் இருக்கிறதா என்று பார்த்தாள்.

மதினி அவரைப் பார்த்தார். கண்ணில் ஈரமும் கேள்வியும் சேர்ந்து இருந்தன. “கேட்டீங்களா தம்பி? என்ன சொல்லுதா?”

பூதலிங்கம் பையைத் தோளிலிருந்து இறக்கித் திண்ணையில் வைத்தார்.

“இல்ல மதினி. வழியெல்லாம் பேசிட்டே வந்தா. கேக்க இடமே கிடைக்கல.”